எந்தக் கிணற்றில் நீச்சல் பழகினீர்கள்?

(கொங்குக் கிராமங்களின் குடும்ப வரலாறு குறித்துக் கோவையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கொங்கு நாட்டில் முன்பின் அறியாத இருவர் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சு எப்படிப் போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "எந்தூருங்க?" என்று ஆரம்பிக்கும். இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் "என்ன கூட்டமுங்க?" என்று வந்துவிடும். கூட்டம் என்றால் குலப்பிரிவு. அது தெரிந்தால் கோயில் தெரியும். கோயில் தெரிந்தால் பங்காளியா, மாமன் மச்சானா, பெண் கொடுக்கலாமா கூடாதா என்பது வரைக்கும் தெரிந்துவிடும். ஐந்து நிமிடத்தில் முடிகிற இந்த விசாரணையைத்தான் நம்மில் பலர் குடும்ப வரலாறு என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். இந்தக் கேள்வியை எல்லோரும் எல்லோரிடமும் கேட்பதில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கூட்டத்தின் கதையைச் சொல்லப் புத்தகங்களுக்குக் குறைவில்லை. கும்பாபிஷேகம் நடக்கிற ஒவ்வொரு குலதெய்வக் கோயிலிலும் ஒரு குல வரலாறு அச்சாகிறது. நானும் ஓர் அலமாரி நிறைய வைத்திருக்கிறேன். முதல் இருபது பக்கம் சேரனும் சோழனும். அப்புறம் ஒரு பட்டயம். அதற்கப்புறம் நானூறு வருஷம் யாருமே பிறக்காததுபோல ஒரு தாவல். அடுத்த பக்கத்தில் நன்கொடையாளர்களின் வண்ணப் படங்கள். பட்டயம் உண்மையான பட்டயமாகவே இருக்கலாம். புலவர் செ. இராசு போன்றவர்கள் வீடு வீடாகப் போய் ஓலைகளையும் செப்பேடுகளையும் கல்வெட்டுகளையும் படித்துப் பதிப்பித்த உழைப்பு சாதாரணமானதல்ல. அவருக்கு முன் கோவைக்கிழார் இராமச்சந்திரன் செட்டியார் போட்ட பாதை அது. நான் குறை சொல்வது அவர்களையல்ல. அவர்கள் எழுதியது நாட்டின் வரலாறு, ஊரின் வரலாறு, கோயிலின் வரலாறு. அதிலிருந்து இரண்டு பக்கம் எடுத்து முன்னால் ஒட்டிவிட்டு, எங்கள் குடும்பத்தின் வரலாறு என்று நாம் சொல்லிக்கொள்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

குல வரலாறு கையில் வைத்திருக்கும் ஒருவரிடம் "உங்க ஆத்தாளப் பெத்த அம்மா எந்த ஊர்க்காரங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பதினைந்து தலைமுறை ஆண்களின் பெயரைச் சொன்னவர் வாயடைத்துப் போவார்.

ஒரு வீட்டின் கதை வேண்டுமென்றால், என் அனுபவத்தில், குலத்தைக் கேட்பதைவிடக் கிணற்றைக் கேட்பது பலன் தருகிறது. உங்கள் வீட்டுக் கிணற்றை வெட்டியது யார், எப்போது, எந்தப் பணத்தில்? அதில் எத்தனை பங்கு? நீங்கள் நீச்சல் பழகியது அதிலா, வேறொன்றிலா? இந்த நாலைந்து கேள்விக்கு வருகிற பதிலில் பெயர், உறவு, சண்டை, கடன், சாதி, பருவமழை எல்லாம் வந்து சேர்ந்துவிடுகின்றன.

தென்மேற்குப் பருவமழையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபக்கத்தில் பெய்ததுபோக மிச்சம்தான் நமக்கு. கோவைக்குக் கிழக்கே போகப் போக ஆண்டுக்கு எழுநூறு மில்லிமீட்டரை எட்டுவதே பெரிய பாடு. பவானி, நொய்யல், அமராவதிக் கரைகளை விட்டால் மீதியெல்லாம் மேட்டாங்காடு. மண்ணை இரண்டு ஆள் ஆழம் தோண்டினால் பாறை. அந்தப் பாறையை உடைத்துத் தண்ணீரைப் பார்த்தவன்தான் இங்கே பண்ணையம் செய்ய முடிந்தது. 1887இல் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டைத் தொகுத்த நிக்கல்சன் இங்குள்ள கிணற்றுப் பாசனத்தைப் பற்றி விரிவாகவே எழுதினார். தஞ்சாவூர்க்காரருக்கு ஆறு எப்படியோ, அவிநாசிக்கு வடக்கே பிறந்த எனக்குக் கிணறு அப்படி. ஆறு ஊருக்குப் பொது. கிணறு வீட்டுக்குச் சொந்தம். அதனால்தான் அது வீட்டின் கதையை வைத்திருக்கிறது.

மாடு பூட்டிக் கவலை இறைத்ததைப் பார்த்தவர்கள் இந்த அவையில் சிலராவது இருப்பீர்கள். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். தண்ணீர் மொள்ளும் சாலுக்கு அடியில் தோலால் தைத்த தும்பி. சாலை இழுக்க ஒரு தடித்த வடம், தும்பியின் வாயைத் தூக்கிப் பிடிக்க ஒரு மெல்லிய கயிறு. இரண்டும் மாடுகளின் நுகத்தடியில்தான் வந்து சேரும். மாடுகள் சரிவில் இறங்கும்போது ஓட்டுகிறவர் வடத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். அவர் பாரமும் சேர்ந்து இழுக்கும். சால் மேலே வந்ததும் மெல்லிய கயிறு தும்பியைத் தொட்டிப் பக்கம் இழுத்துவிட, தண்ணீர் 'சோ'வென்று கொட்டும். பிறகு மாடுகள் பின்னுக்கு நடந்தே மேலே ஏற வேண்டும். பின்னுக்கு நடக்கப் பழகிய காங்கயம் எருதுக்குச் சந்தையில் தனி மதிப்பு இருந்தது. விடியற்காலை மூன்று மணிக்குப் பூட்டினால் வெயில் ஏறும்வரை இதுவே வேலை.

இந்த ஒரு காட்சியில் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். கிணற்றை வெட்டி வெடி வைத்துப் பாறையைத் தூக்கியவர்கள் போயர்கள். தும்பியைத் தைத்தது மாதாரி. நுகத்தடியும் உருளையும் ஆசாரியுடைய வேலை. இரும்புச் சால் வந்த பிறகு கொல்லரும் சேர்ந்துகொண்டார். மாடு ஓட்டியது பல வீடுகளில் பண்ணையாள். பாத்தியில் மடை மாற்றியது பெண்கள், அல்லது பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்படாத ஒரு பையன். பட்டாவில் இருந்தது ஒரே ஒரு பெயர்.

காலத்தை எப்படிக் கணக்கிடுவது என்பது குடும்ப வரலாறு எழுதுகிறவர்களுக்குப் பெரிய தலைவலி. நம் பாட்டிமார்களுக்கு ஆங்கில வருஷம் தெரியாது. தமிழ் வருஷம் தெரியும். அது அறுபது வருஷத்துக்கு ஒருமுறை சுற்றி வரும். "தாது வருசத்துல பஞ்சம் பொழைக்கப் போனாங்க" என்று ஒருவர் சொன்னால் அது 1876இன் பெரும் பஞ்சம் என்று நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் 1936இலும் ஒரு தாது உண்டு. சொல்கிறவரின் வயதையும், போனவர் அவருக்கு என்ன உறவு என்பதையும் விரல் விட்டு எண்ணினால்தான் எந்தத் தாது என்று பிடிபடும். இன்னும் சிலர் நிகழ்ச்சியை வைத்துச் சொல்வார்கள். பிளேக்குக்குப் பயந்து ஊரைக் காலி செய்து தோட்டத்தில் சாளை போட்டுக் கிடந்த வருஷம். சூலூர் ஏரோட்ரத்துக்குத் தீ வைத்த வருஷம். அது 1942 ஆகஸ்ட். பெண்களிடம் கேட்டால் இதையெல்லாம்விடத் திருத்தமான கணக்கு ஒன்று கிடைக்கும். ஒரு மூதாட்டியிடம் "இந்தக் கெணறு எப்பங்க வெட்டுனது?" என்று கேட்டேன். "பெரியவன் வயித்துல இருக்கறப்பங்க. ஏழாம் மாசம். கல்லுச் சொமக்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க, சோறாக்கிப் போட்டேன்" என்றார். பெரியவனின் வயதிலிருந்து கிணற்றின் வயது வந்துவிட்டது.

பெரியவனின் வயதாவது சரியா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான சந்தேகம். வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது முடிந்துவிட்டது என்று வாத்தியார் எழுதிக்கொண்ட காலம் அது. இந்த அவையில் அறுபதைத் தாண்டியவர்களில் சான்றிதழ்படி மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்கள் கை தூக்கினால் பாதி அரங்கம் தூக்கும். அரசாங்கத்தில் சேர்ந்து ஓய்வு பெற்றது அந்தத் தேதியில். ஜாதகம் எழுதியது வேறொரு தேதியில்.

இங்கே இங்கிலாந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிராமத்துப் பிள்ளைப்பிராயத்தையும் குடும்பக் கதையையும் எழுதுவதில் அவர்களுக்கு நீண்ட பழக்கம் உண்டு. அதற்கு அடித்தளமாக ஓர் ஏடும் உண்டு. எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538இல் ஓர் ஆணை போட்டார். ஒவ்வொரு தேவாலயப் பங்கிலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்க வேண்டும் என்று. அன்றிலிருந்து அங்கே நிலமில்லாத கூலிக்காரன் பிறந்ததும் ஏட்டில் ஏறியது. ஏடு இவ்வளவு இருந்தும், சஃபக் பகுதியின் பிளாக்ஸ்ஹால் கிராமத்தில் குடியிருந்த ஜார்ஜ் எவர்ட் எவன்ஸ் அதோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக் கிழவர்களிடம் போய் உட்கார்ந்து, அரிவாளை எப்படித் தீட்டினீர்கள், குதிரையை எப்படிப் பழக்கினீர்கள், அறுவடைக் கூலியை எப்படிப் பேசினீர்கள் என்று கேட்டு எழுதினார். புல் அறுத்தவர்களையே கேளுங்கள் என்று பொருள்படும் தலைப்பில் அவர் புத்தகம் 1956இல் வந்தது. 1969இல் ரொனால்ட் பிளைத்தின் 'ஏக்கன்ஃபீல்டு' வந்தது. அதே சஃபக்கின் கிராமத்துக் குரல்கள், ஊர்ப்பெயரை மாற்றி. இவர்கள் கேட்டது வம்சத்தையல்ல, வேலையை. வேலையைக் கேட்டால் மனிதர்கள் பெருமை பேச மறந்துவிடுகிறார்கள். எனக்கு அங்கிருந்து எடுத்துக்கொள்ளத் தோன்றுவது இந்த ஒன்றுதான்.

நம் ஏடுகளின் கதை வேறு. சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899இல்தான் வந்தது. கிராமத்தில் அதை எழுதியவர் மணியக்காரர். அவருக்குச் சவுகரியப்பட்டபோது எழுதினார். பிறந்தது ஆணா பெண்ணா, தகப்பன் பெயர் என்ன என்பதோடு முடிந்த பதிவுகளே அதிகம். குழந்தைக்கு அப்போது பெயரே வைத்திருக்க மாட்டார்கள். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகளை ஒரே நாளில் நீக்கியபோது, ஏட்டில் எழுதாமல் தலைக்குள் வைத்திருந்த கணக்குகளும் அவர்களோடு வீட்டுக்குப் போய்விட்டன. நம்மிடம் உருப்படியாக இருக்கிற ஏடு நிலத்தைப் பற்றியது. சார்பதிவாளர் அலுவலகத்துப் பத்திரப் பதிவுகள் நூறு வருஷத்துக்கும் மேலாகக் கிடக்கின்றன. நிலமிருந்தால் ஏட்டில் இருப்பீர்கள். நிலமில்லாவிட்டால் பிறந்ததற்கும் இறந்ததற்கும் சாட்சி, உங்களை நினைவு வைத்திருக்கும் மனிதர்கள் மட்டுமே. இங்கிலாந்தில் வாய்மொழி ஏட்டுக்குத் துணை. இங்கே பாதிப்பேருக்கு வாய்மொழியே ஏடு.

பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் படித்துப் பார்த்திருக்கிறீர்களா? வக்கீலும் பத்திர எழுத்தரும் தவிர மற்றவர்கள் படிப்பதில்லை, கையெழுத்துப் போடுகிறவர்கள்கூட. குடும்ப வரலாற்றுக்காரனுக்கு அதைவிடச் சுவையான நூல் கிடையாது. சர்வே எண்ணும் நான்கு எல்லையும் சொல்லி முடித்ததும் கிணற்றுக்கு வருவார்கள். கிணற்றில் இத்தனையில் இத்தனை பங்கு. அதில் வைத்துள்ள ஐந்து குதிரைசக்தி மோட்டாரில், பம்பில், மின் இணைப்பில், தொட்டியில், மோட்டார் ரூமில் அதே விகிதம். வாய்க்கால் பாத்தியம். மாடு கன்று, வண்டி வாகனம் போக மாமூல் வழித்தடம். தென்னை மரங்களில் இன்னார் பக்கம் இத்தனை. தண்ணீர் முறை எந்தக் கிழமை யாருக்கு. அண்ணன் தம்பிகள் ஒருவரையொருவர் எவ்வளவு நம்பினார்கள் என்பது பத்திரத்தின் நீளத்திலேயே தெரிந்துவிடும். இரண்டு பக்கத்தில் முடிந்தால் சுமுகம். பதினாறு பக்கம் போய், வேலியிலுள்ள கிளுவை யாருக்கு என்பது வரை எழுதியிருந்தால், வாசலில் சத்தம் கேட்டிருக்கிறது என்று பொருள்.

அதைவிட எனக்குப் பிடித்தது அந்தப் பின்னங்கள். ஒருவருக்குக் கிணற்றில் 24இல் 1 பங்கு என்று வைத்துக்கொள்வோம். இந்த எண் வானத்திலிருந்து விழவில்லை. முதலில் மூன்று சகோதரர்கள்; ஆளுக்கு 3இல் 1. அதில் ஒருவருக்கு இரண்டு மகன்கள், 6இல் 1. அதில் ஒருவருக்கு நான்கு மகன்கள், 24இல் 1. மூன்று தலைமுறை ஆண்களின் எண்ணிக்கையை ஒரே பின்னம் வைத்திருக்கிறது. பக்கத்துப் பங்காளிக்கு 6இல் 1 இருந்தால் அந்தக் கிளையில் ஒற்றைப் பிள்ளை என்று தெரியும். எங்கோ ஒரு பின்னம் கணக்கில் உதைத்தால், பிள்ளையில்லாத சித்தப்பா தன் பங்கை யாருக்கோ எழுதிவைத்திருக்கிறார், அல்லது சீட்டுக்கடனுக்கு ஒரு பங்கு கைமாறியிருக்கிறது. அங்கேதான் கதை இருக்கிறது; அந்த இடத்தில் நின்று யாராவது பெரியவரைக் கேளுங்கள்.

இப்போது இந்தப் பின்னங்களில் யார் இல்லை என்று பாருங்கள். மூன்று சகோதரர்கள் என்றேன். அவர்களுக்கு அக்கா தங்கைகள் எத்தனை? பின்னம் சொல்லாது. தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பூர்விகச் சொத்தில் பிறப்புரிமையாகச் சமபங்கு தரும் சட்டத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களுக்கு அது இல்லை. 2005இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் அந்தக் கோடு அழிந்தது. அதற்குப் பிறகு என்ன நடந்தது? விடுதலைப் பத்திரங்கள் குவிந்தன. அக்கா தங்கைகள் சார்பதிவாளர் முன் வந்து, ஒரு சிறு தொகையைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, தங்கள் பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள். சிலர் மனதார. சிலர் பிறந்த வீட்டுச் சீர் நின்றுவிடுமே என்று. ஒன்று மட்டும் நல்லது: அந்தப் பத்திரங்களில்தான் நம் வீட்டுப் பெண்களின் முழுப்பெயரும், புகுந்த ஊரும், வயதும் முதன்முதலாக வரிசையாக அச்சேறின. சொத்தை விட்டுக்கொடுத்த அன்றுதான் அவர்கள் குடும்ப வரலாற்றுக்குள் நுழைந்தார்கள்.

ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வந்த நாவல். அவர் தாராபுரத்துக்குப் பக்கத்துக் கீரனூர்க்காரர். அதில் ஒரு விதவை கொழுந்தனிடம் நிலத்தில் பாகம் கேட்கிறாள். அதிலிருந்து எல்லாம் விளைகிறது. அவளைப் பிடிவாதக்காரி என்று படித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அவளுக்குப் பின்னால் இருந்த சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விதவைக்குக் கணவன் சொத்தில் பங்கு தரும் சட்டம் 1937இல் வந்தது. ஆனால் அது விவசாய நிலத்தைக் கட்டுப்படுத்தாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 1941இல் சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் தனிச் சட்டம் போட்டு நிலத்துக்கும் நீட்டியது 1947இல். நாகம்மாள் பாகம் கேட்டு வாசலில் நின்றது இந்த இரண்டுக்கும் நடுவில். நம் அம்மிச்சிகளில் எத்தனை பேர் அப்படிக் கேட்டார்கள், எத்தனை பேர் வாயைத் திறக்காமலே இருந்துவிட்டார்கள் என்பதை எந்தக் குல வரலாறும் எழுதவில்லை.

பிள்ளைகளின் கதைக்கு வருவோம். கொங்கு நாட்டின் பெரிய கதைப்பாடலான அண்ணன்மார் கதையே ஒரு பிள்ளையின் துயரத்தில்தான் வேர்விடுகிறது. தாய் தகப்பனை இழந்த குன்னுடையானைப் பங்காளிகள் சொத்தைப் பறித்துத் துரத்த, அவன் வேற்றூரில் பண்ணையாளாகச் சேர்ந்து மாடு மேய்த்து வளர்கிறான். அவன் பிள்ளைகளான பொன்னரும் சங்கரும் வருவது அதற்குப் பிறகு. 1960களின் நடுவில் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் வந்து தங்கிய பிரெண்டா பெக் இந்தக் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அதே ஊரை வைத்துக் கொங்குக் குடியானவர் சமூகத்தைப் பற்றி 1972இல் ஒரு புத்தகமும் எழுதினார். கதையை ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேட்ட நம் பாட்டனார்கள் வீரத்துக்காக மட்டும் கேட்டிருக்க மாட்டார்கள். பங்காளி ஏமாற்றிய கதை எந்த வீட்டில் இல்லை?

எனக்கு நீச்சல் பழக்கியது என் சித்தப்பா. முதுகில் சுரைப்புருடையைக் கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, படிக்கல்லில் நிற்க வைத்துத் தள்ளிவிடுவார். மூக்கில் தண்ணீர் ஏறி நெற்றி எரியும். மேலே பார்த்தால் தூக்கணாங்குருவிக் கூடுகள் கிணற்றுக்குள் தொங்கும். பாறை இடுக்கில் புறா. கொஞ்ச நாளில் புருடையை அவிழ்த்துவிட்டு, மோட்டார் ரூம் கூரையிலிருந்து குதிக்கச் சொல்வார். என்னோடு பழகிய என் அக்கா பதின்மூன்று வயதில் கிணற்றை விட்டு நின்றாள். யாரும் தடை போட்டுச் சொல்லவில்லை. ஒருநாள் அவளைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். எங்களோடு ஆடு மேய்த்த பையன் ஒருவன் இருந்தான். அவன் கிணற்று மேட்டில் உட்கார்ந்து எங்கள் சட்டைகளைப் பார்த்துக்கொள்வான். அவன் ஏன் குதிக்கவில்லை என்று அந்த வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவலைப் படித்தவர்களுக்கு இந்தப் பையனைத் தெரிந்திருக்கும். எங்கள் ஊரில் அவன் வளவுப் பிள்ளைகள் நீந்தியது பாறைக்குழியில். கல் உடைத்த குழியில் தேங்கிய மழைத்தண்ணீர். படியும் கிடையாது, ஆழமும் தெரியாது.

பல வருஷம் கழித்து, அதே வளவைச் சேர்ந்த ஒரு முதியவரிடம் எங்கள் கிணற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஆழம் எழுபது அடி இருக்கும் என்றேன். அவர் சிரித்துவிட்டு, "எழுவத்தி நாலுங்க. தூர் வாரறதுக்கு உள்ள எறங்குனது நானுங்க. தண்ணி இருந்தா எறங்கக் கூடாதுங்க, தண்ணி வத்துனா நாங்கதான் எறங்கோணும்" என்றார். எந்தப் பக்கம் ஊற்று, எந்த அடியில் கருங்கல் ஆரம்பிக்கிறது, தென்கிழக்கு மூலையில் பாறை எப்படி உள்வாங்கியிருக்கிறது என்று விரலால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். அந்தக் கிணற்றின் அடியை எங்கள் வீட்டில் ஒருவரும் மிதித்ததில்லை. எங்கள் பத்திரங்கள் எதிலும் அவர் பெயர் இல்லை. அந்தக் கிணற்றைப் பற்றி எங்களைவிட அதிகம் தெரிந்த குடும்பம் அவருடையது. பஸ்ஸில் கூட்டத்தைக் கேட்கும் கேள்வி அவரிடம் எப்படி மாறும் என்பதையும் நீங்கள் அறிவீர்கள்.

தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' நாவலுக்கு 2023இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி. குடிநாவிதர் குடும்பம் ஒன்றின் கதை அது. கொங்குக் கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுகிறவர் அந்தச் சமூகத்துக்காரர்தான். அவர் பாடி முடிக்காமல் சடங்கு நிறைவாகாது. எல்லார் வீட்டு வம்சத்தையும் வாழ்த்தியவர்களின் சொந்த வம்சம் எழுத்துக்கு வர இவ்வளவு காலம் ஆனது.

கரண்டு வந்த கதைக்குச் சற்று வேகமாகப் போகிறேன். 1932இல் பைக்காரா மின்சாரம் மலையிறங்கியது. மில்கள் முதலில் பிடித்துக்கொண்டன. தோட்டங்களுக்கு மெல்ல வந்தது. நடுவில் ஆயில் இன்ஜின் கொஞ்ச காலம் புகை விட்டது. எங்கள் பக்கத்து மோட்டார் ரூம்களைப் பார்த்தால் நெற்றியில் சிமெண்டில் வருஷம் பொறித்திருப்பார்கள்: 1961, 1964, 1968. கூடவே வீட்டுக்காரரின் தலைப்பெழுத்து. இதைவிட நம்பகமான குடும்பக் கல்வெட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை. நான் பதிவு செய்த ஒரு வீட்டில் அண்ணன் மோட்டார் வைத்தது 1962 என்றார். தங்கை, தான் பெரியவளான வருஷம் என்றார். சுவர் 1967 என்றது. சுவரும் தங்கையும் ஒத்துப்போனார்கள். ஆனால் அந்தத் தங்கை இன்னொன்றும் சொன்னார். பணத்துக்கு அம்மாவின் கழுத்துக்கொடியையும் வளையலையும் திருப்பூரில் விற்றார்கள். அதன் பிறகு அம்மா எந்தக் கல்யாணத்துக்கும் முன்வரிசையில் போய் உட்காரவில்லை. அண்ணன் இதைக் கேட்டுத் திகைத்துப்போனார். ஒரே வீட்டில், ஒரே திண்ணையில் வளர்ந்தவர்கள்.

இந்த மோட்டாருக்காகத்தான் உயிர்கள் போயின. மின்கட்டணத்தை ஏற்றியதை எதிர்த்த போராட்டத்தில் 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டு மூன்று விவசாயிகள் இறந்தார்கள். வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972இல் மாட்டுவண்டிகள் கோவை வீதிகளை அடைத்து நின்றன. எங்கள் ஊர் வண்டிகள் விடியுமுன் புறப்பட்ட சத்தம் எனக்கு நினைவிருக்கிறது. வண்டியில் வைக்கோல், கட்டுச்சோறு, தண்ணீர்ப்பானை. பெண்கள் வாசலில் நின்று எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெருமாநல்லூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். இன்றைக்கு இலவச மின்சாரம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த வாரங்களைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்டீர்களா?

மோட்டார் வந்ததும் கிணறு ஆழமானது. சைடு போர் போட்டார்கள். பிறகு போர்வெல், கம்ப்ரசர் மோட்டார். எழுபது அடிக் கிணறு வற்றி, ஆயிரம் அடிக்குக் கீழே புகை மாதிரி மண்தூள்தான் வந்தது. கீழ்பவானி வாய்க்கால் ஓடுகிற ஊர்க்காரர்களின் கதை இதிலிருந்து மாறும். 1955இல் அணை முடிந்து அவர்களுக்குக் கசிவுத் தண்ணீரிலேயே கிணறு நிறைந்தது. நொய்யல் கரைக்காரர்களுக்கு வேறு விதி. 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது. கிணற்றுத் தண்ணீரை மாடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது என்று அங்கே சொல்வார்கள். 2011இல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்வதற்குள் பல வீடுகளில் பட்டி காலியாகிவிட்டது. எங்கள் பக்கம் 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு–அவிநாசித் திட்டத் தண்ணீர் வந்தது. 1,045 குளம் குட்டைகளுக்கு. இரண்டு தலைமுறை கேட்ட தண்ணீர். கேட்டு ஊர்வலம் போனவர்களில் பலர் அதைப் பார்க்க இல்லை.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லிவிட்டு முடிக்கிறேன். உங்கள் வீட்டுப் பீரோவில் பழைய பாகப்பத்திரம் இருக்கும். அதை நகலெடுத்து, கிணற்றுப் பகுதியை அம்மாவிடமோ பாட்டியிடமோ சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அப்பாவிடம் வேண்டாம், அவர் சர்வே எண்ணைத் திருத்த ஆரம்பித்துவிடுவார். பத்திரத்தில் இல்லாத பெயர்கள் அவர்கள் வாயிலிருந்து வரும், அவற்றை எழுதிக்கொள்ளுங்கள். அண்ணனும் தங்கையும் வேறுவேறாகச் சொன்னால் ஒன்றாக்க முயலாமல் இரண்டையும் அப்படியே எழுதுங்கள். அந்தக் கிணற்றில் வேலை செய்த குடும்பம் ஊரிலேயே இருந்தால் அவர்கள் வீட்டுக்குப் போய், கூப்பிட்டு அனுப்பாமல், அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து கேளுங்கள். பத்திரமே இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். உங்களுக்குத்தான் வேலை அதிகம். உங்கள் தாத்தா தோண்டிய கிணறுகளின் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். திருப்பூர், அவிநாசிப் பக்கம் லைன் வீடுகளில் வளரும் ஒடிசா, பிகார்ப் பிள்ளைகளும் இன்று நம் பஞ்சாயத்துப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். லாரித் தண்ணீரை எந்த டிரம்மில் பிடித்தோம், சண்டை எப்படி மூண்டது என்பது அவர்களுடைய கிணற்றுக் கதை. அதுவும் கொங்கின் குடும்ப வரலாற்றில் சேர்த்திதான். இப்போதே கேட்டுவைத்தால் நல்லது.

மோட்டார் ரூம் சுவரை மட்டும் இந்த விடுமுறையிலேயே படம் எடுத்துவிடுங்கள். சாலையை அகலப்படுத்த வந்தாலும், மனைப்பிரிவு போட வந்தாலும் முதலில் இடிப்பது அதைத்தான்.